சுவத்துல ரெண்டு ஆணி: கண்காட்சித் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேர்வுக் குழுவுல இருக்கற எல்லாருக்கும்,

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு இங்க சிங்கப்பூர்ல போட்டோ கண்காட்சி நடக்கற உங்க மண்டபத்துக்கு ஒரு தம்பியைக் கூட்டிட்டு வந்தேன். மன்னார்குடி பக்கம், கட்டுமான வேலை. அன்னைக்கு அவருக்கு ஓட்டி, அதான் ஓவர்டைம், இருந்துச்சு, ஞாயிறு ஓட்டின்னா காசு கூட வரும், அதை விட்டுட்டுத்தான் வந்தாரு. நீலச் சட்டை, கை மடிப்பு கலையாம இருந்துச்சு, டோர்ம்ல, அதான் தொழிலாளர் விடுதியில, அயர்ன் பாக்ஸுக்கு வரிசையில நின்னு தேச்சேன்க்கா, பின்னாடி நின்னவன் திட்டுறான்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. நான் எடுத்த அவர் படம் இங்க பெருசா மாட்டியிருக்கு, வந்து பாருங்கன்னு நான்தான் ரெண்டு வாரமா சொல்லிக்கிட்டிருந்தேன். வலது பக்கச் சுவர், அஞ்சாவது படம். வந்து பாத்தா அங்க ரெண்டு ஆணி. கீழ இருந்த பேர் அட்டையையும் உரிச்சிட்டீங்க, அந்தப் பசை மட்டும் சதுரமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அவர் ஆணியப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "வேற ஹாலாக்கா?"ன்னு கேட்டாரு.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கீழ கோப்பிக்கடையில ஒரு தே வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சேன்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுல என்னோட 12 படமும் சுவத்துல இருந்துச்சு. அந்த 12ஐயும் மூணு மாசத்துக்கு முன்னாடி தேர்வு செஞ்சு ஈமெயில் போட்டது நீங்கதான், பிரிண்ட் போட்டு ஃபிரேம் அடிச்ச காசு என்னோடது. ஞாயித்துக்கிழமை எண்ணிப் பாத்தா 8தான் இருக்கு. ஒரு போன் இல்ல, ஒரு மெசேஜ் இல்ல. திங்கக்கிழமை நானா கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை நானா வந்து உக்காந்தப்புறம்தான் கால் மணி நேரம் பேசுனீங்க. படத்துல இருக்கறவங்ககிட்ட கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் இல்லன்னு முதல்ல சொன்னீங்க. நான் அதுக்கு ஏதோ கேட்டதும் பேச்சு மாறிச்சு, "இதெல்லாம் நம்ம சமூகத்தை நல்லபடியா காட்டல"ன்னீங்க. எந்திரிக்கும்போது உங்கள்ல ஒருத்தர் சிரிச்சிக்கிட்டே, "நீங்க கொஞ்சம் ரெபெல் மாதிரி நடந்துக்கறீங்கம்மா"ன்னு சொன்னாரு. அவர் பேரை இங்க எழுத மாட்டேன், அவர் நல்ல மனுஷர்தான், ஆனா அந்த வார்த்தை வீட்டுக்குப் போற வரைக்கும் காதுலயே நின்னுச்சு.

முதல்ல இந்தப் படிவத்தையே எடுத்துக்கறேன். நீங்க சுவத்துல இருந்து இறக்கின நாலு எது, விட்டு வச்ச எட்டு எதுன்னு இதைப் படிக்கறவங்களுக்கும் தெரியணும். இறக்கினது: புல்வெளியில பிரியாணி சாப்பிட்டுக்கிட்டே வீடியோ கால் பேசற மூணு பேரு, விடியக்காலையில மேம்பாலத்துல இருந்து எடுத்த லாரிப் படம், லாரிக்குப் பின்னாடி ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு தூங்கறது, பணம் அனுப்பற கடை வாசல்ல வெடிச்ச விரலால நோட்டு எண்ணற கை, அப்புறம் பஃபலோ ரோட்டுக்குப் பின்னாடி அட்டைப்பெட்டி மடிச்சுக் கட்டுற நம்ம பாட்டி ஒருத்தங்க. விட்டு வச்சது: பூக்கடை, தீபாவளி லைட்டு, நகைக்கடைக் கண்ணாடியில மூஞ்சி பாக்கற பொண்ணு, பச்சைக் கலர் ஐஸ்கிரீமோட ரெண்டு பொடிசுங்க, செல்ஃபி எடுக்கற வெள்ளைக்கார ஜோடி, இப்படி. அந்த எட்டுல ஒருத்தர்கிட்ட கூட நான் கையெழுத்து வாங்கல. அந்தப் பொடிசுங்களோட அம்மாகிட்ட வாயால கேட்டேன், அவ்ளோதான். படிவம்தான் பிரச்சினைன்னா 12ம் இறங்கியிருக்கணுமே. பூக்கடைக்கு வேண்டாம், லாரிக்கு மட்டும் வேணும்னா அது என்ன படிவம்னு எனக்குப் புரியல.

சட்டம்னு ஒரு வார்த்தையும் அன்னைக்கு நடுவுல வந்துச்சு, அதனால சொல்றேன். நான் வக்கீல் இல்ல, கிளினிக் கவுண்டர்ல மருந்து எடுத்துக் குடுக்கற ஆளு. ஆனா 15 வருஷமா கேமராவோட ரோட்டுல நிக்கறவளுக்கு எது செய்யலாம் எது கூடாதுன்னு தெரியாம இருக்காது. சிங்கப்பூர்ல பொது இடத்துல போட்டோ எடுக்கறதுக்குப் பொதுவான தடை கிடையாது. பாதுகாக்கப்பட்ட இடம்னு போர்டு வச்சிருந்தா எடுக்கக் கூடாது, அதுக்கு 2017ல போட்ட சட்டமே இருக்கு, அந்தப் பக்கம் நான் கேமராவைத் திருப்பறதே இல்ல. ஒருத்தரை விரட்டித் தொல்லை குடுத்தா அதுக்கு 2014 சட்டம். ஒளிஞ்சு நின்னு அசிங்கமா எடுக்கறவனுக்கு 2020ல இருந்து தனிக் குற்றப் பிரிவு, அது வந்ததுல என்னை விட சந்தோஷப்பட்ட ஆளு இருக்க முடியாது, பொம்பளையா ரோட்டுல நடந்தவளுக்குத்தான் அது தெரியும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012ல வந்துச்சு, அதுலயே எல்லாரும் வந்துபோற இடத்துல சாதாரணமா கண்ணுக்குத் தெரியறதுக்கு விலக்கு குடுத்திருக்காங்க. 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்கப்புறம் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் எத்தனை கேமரா மாட்டினாங்கன்னு நடந்து போறப்ப அண்ணாந்து பாருங்க, அதுல எதுவும் அந்தத் தம்பிகிட்ட படிவம் நீட்டல. உங்க மண்டபம், உங்க விதி, அது உங்க உரிமை, நான் மறுக்கல. அந்த விதிக்குச் சட்டம்னு பேர் வைக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

அந்த பிரியாணிப் படம் எப்படி எடுத்தேன்னு சொல்றேன். நீங்க செவ்வாய்க்கிழமை அதைக் கேக்கவே இல்ல.

மழை விட்டு பத்து நிமிஷம் இருக்கும். புல்லு ஈரம், அதனால பிளாஸ்டிக் பையை விரிச்சு அது மேல தமிழ் முரசு விரிச்சு மூணு பேரு உக்காந்திருந்தாங்க, நடுவுல ரெண்டு பொட்டலம். இந்தத் தம்பி இடது கையில போனைப் பிடிச்சிருந்தாரு, ஆனா தன் மூஞ்சிக்கு நேரா இல்ல, சோத்துக்கு நேரா. போன்ல ஒரு சின்னப் பொண்ணு, நாலு வயசு இருக்கும், "முட்டை எங்க, முட்டை எங்க"ன்னு கத்துது. இவரு விரலால சோத்தை ஒதுக்கி அடியில இருந்த முட்டையைக் காட்டறாரு. அந்த நொடிதான் படம். என் கேமரா சின்னது, சட்டைப் பைக்குள்ள போயிடும், 28 மில்லிமீட்டர் லென்ஸ், ஜூம் கிடையாது, அதனால நான் ஒரு ஆள் தூரத்துல குந்தி உக்காந்துதான் எடுக்க முடியும். தூரத்துல ஒளிஞ்சு நின்னு நீள லென்ஸ்ல எடுக்கறது எனக்குப் பிடிக்காது, அது வேட்டை மாதிரி. குளிக்காத வேர்வை வாசம் எனக்கு அடிக்கணும், என் மூஞ்சி அவங்களுக்குத் தெரியணும். ஃபோகஸ் ரெண்டு மீட்டர்ல பூட்டி வச்சிருப்பேன், கிட்டயும் தூரமும் தெளிவா விழ எட்டு அபெர்ச்சர், வெளிச்சம் பத்தாததுக்கு ஐஎஸ்ஓ ஏத்தி, கறுப்பு வெள்ளை. ஒரே ஒரு கிளிக். அப்புறம் கேமராவைத் திருப்பி ஸ்க்ரீனைக் காட்டுவேன். பிடிக்கலன்னா அவங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடுவேன், இதுவரைக்கும் எத்தனையோ அழிச்சிருக்கேன், அதுல நல்ல படமும் உண்டு, வயிறு எரியும், இருந்தாலும் அழிச்சிடுவேன். இந்தத் தம்பி பாத்தாரு, பொண்ணுகிட்ட காட்டினாரு, "அக்கா இதை எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க"ன்னாரு. அன்னைக்கு ராத்திரியே அவர் மனைவி அதை டிபியா வச்சுட்டாங்க. கண்காட்சிக்குப் போடலாமான்னு கேட்டதுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்காரு, 40 செகண்ட், செவ்வாய்க்கிழமை நான் போனை எடுத்து கேளுங்கன்னு நீட்டினேன், உங்கள்ல யாரும் காது குடுக்கல.

நானும் தப்பு பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிடறேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் மண்வெட்டியோட சாக்கடைப் பள்ளத்துல நிக்கறதை எடுத்து இன்ஸ்டாகிராம்ல போட்டேன். நல்ல வெளிச்சம், லைக் குவிஞ்சுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு யார் யாரோ மூலமா அவர்கிட்ட இருந்து போன். ஊர்ல சூப்பர்வைசர்னு சொல்லிப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க, பொண்ணு வீட்டுல யாரோ அந்தப் படத்தைக் காட்டிட்டாங்க. அவர் திட்டல, அழுதாரு, அது அதை விடக் கொடுமை. அன்னையில இருந்துதான் எடுத்த உடனே ஸ்க்ரீனைக் காட்டற பழக்கம் வந்துச்சு. அதனால ஒப்புதலைப் பத்தி நீங்க எனக்குப் பாடம் எடுக்கறப்ப கொஞ்சம் கோவம் வருது, ஏன்னா அந்தப் பாடத்துக்கு நான் ஏற்கனவே ஃபீஸ் கட்டிட்டேன். கையெழுத்துப் படிவத்தால அது வராது. ஏஜெண்ட் நீட்டற காகிதம், கம்பெனி நீட்டற காகிதம்னு படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பழகுனவங்க அவங்க. நான் ஒரு காகிதத்தை நீட்டினா பயந்துக்கிட்டே போட்டுத் தருவாங்க. அதுவா ஒப்புதல்?

இப்ப ரெபெல்ங்கற வார்த்தைக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை உங்க மேடையில பேசுனவர் ஜப்பான் போட்டோகிராபர் மொரியாமா பேரைச் சொன்னாரு, எல்லாரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். அந்த டைடோ மொரியாமா யாரு? 1968ல டோக்கியோல சில பேரு சேர்ந்து 'புரோவோக்'னு ஒரு போட்டோ பத்திரிகை ஆரம்பிச்சாங்க, வந்ததே மூணு இதழ்தான், ரெண்டாவது இதழ்ல இவரு உள்ள வர்றாரு. புள்ளி புள்ளியா கரகரன்னு, ஆடிப்போயி, ஃபோகஸ் தப்பி, அன்னைக்கு சுத்தமான படம் எடுக்கறவங்க இதெல்லாம் படமான்னு கேக்கற மாதிரி எடுத்தாரு. கையில சின்னக் கேமரா, ஷின்ஜுகு சந்துல தெருநாய் மாதிரி அலைச்சல். அவர் எடுத்ததுலயே பேர் போன படம் ஒரு தெருநாய்தான், 1971. ஜப்பான் அழகா தெரியணும்னு அவர் அந்த நாயைச் சிரிக்கச் சொல்லல. மேடையில அவர் பேருக்கு மாலை, அவர் வழியில நாலு அடி நடந்தவளுக்கு ஆணி.

எனக்கு அவரை விட நெருக்கமா தோணறது விவியன் மேயர்தான், ஏன்னா அவங்களும் என்னை மாதிரி வேற வேலை பாத்துக்கிட்டே எடுத்தவங்க. சிகாகோல பணக்கார வீடுங்கள்ல பிள்ளை பாத்துக்கற வேலை, அந்தப் பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டே தெருத்தெருவா போயி, இடுப்புக்கு மேல தொங்கற ரோலிஃபிளெக்ஸ் கேமராவுல எடுத்தாங்க. லட்சத்துக்கும் மேல நெகட்டிவ். யாருக்கும் காட்டல. 2007ல வாடகை பாக்கின்னு அவங்க சாமான் வச்சிருந்த அறையை ஏலம் விட்டதுல அந்தப் பெட்டிங்க வெளிய வந்துச்சு, 2009ல அவங்க போயிட்டாங்க, அதுக்கப்புறம்தான் உலகம் தலையில வச்சுக் கொண்டாடுச்சு. நான் பெட்டியில வச்சுப் பூட்டற ஆளு இல்ல, அதனாலதான் உங்களோட மல்லுக்கு நிக்கறேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஈசூன்ல ரயில் ஏறி டோபி காட்ல மாறி லிட்டில் இந்தியாவுல இறங்குவேன். அன்னைக்கு அங்க, நாங்க தேக்கான்னு சொல்ற இடத்துல, ஆயிரம் ஆம்பளைங்க நடுவுல நான் ஒரு பொம்பளை, ஜீன்ஸ், பழைய ஷூ, தலையில தொப்பி. ஆரம்பத்துல என் பெரியம்மாவே கேட்டாங்க, அந்தக் கூட்டத்துல உனக்கு என்னடி வேலைன்னு. அந்தக் கூட்டத்துல இதுவரைக்கும் ஒருத்தர் என்னை இடிச்சதில்ல, மழைன்னா குடைக்குள்ள இடம் குடுப்பாங்க, அக்கா கேமரா நனையுதுன்னு பிளாஸ்டிக் பை குடுப்பாங்க. எம்ஆர்டில அவங்க பக்கத்து சீட் காலியா இருந்தும் நின்னுக்கிட்டே வர்ற நம்ம ஆளுங்களையும் பாத்திருக்கேன், அதைப் படம் எடுத்தா இன்னும் கோவம் வரும் உங்களுக்கு. 2020 ஏப்ரல்ல கொரோனாவுக்காக டோர்மை எல்லாம் பூட்டினப்ப கிளினிக் முடிஞ்சு தேக்கா வழியா நடந்து வந்தேன், ஞாயித்துக்கிழமை, புறா மட்டும்தான் இருந்துச்சு. திரும்ப வெளிய விட ஆரம்பிச்சதே 2021 செப்டம்பர்ல, அதுவும் சோதனை முயற்சியா வாரத்துக்கு 500 பேரு. அந்த ஒன்றரை வருஷம் பூக்கடைக்காரம்மா, காய்கறிக்காரரு, சாப்பாட்டுக்கடை எல்லாரும் என்ன புலம்பு புலம்பினாங்கன்னு உங்களுக்கும் தெரியும், உங்கள்ல கடை வச்சிருக்கறவங்களும் உண்டு. கல்லாவுக்கு அவங்க வேணும், சுவத்துக்கு வேண்டாமா?

நம்மளை அழகா நிக்க வச்சு எடுத்த படத்துக்கு இந்த ஊர்ல பஞ்சமே இல்ல. 1867ல லேம்பர்ட்னு ஒருத்தர் இங்க ஸ்டுடியோ போட்டாரு, அந்தக் கம்பெனி வெள்ளைக்காரன் ஆல்பத்துக்கும் போஸ்ட்கார்டுக்கும் சீனன், மலாய்க்காரன், தமிழன்னு வகை வகையா நிக்க வச்சு எடுத்து வித்துச்சு. அந்தப் படங்கள்ல இருக்கற நம்ம ஆளுங்க யாரு, என்ன சாப்பிட்டாங்க, எதுக்குச் சிரிச்சாங்க, ஒண்ணும் தெரியாது, தலைப்பாகை மட்டும் தெரியும்.

அவ்ளோ தூரம் கூட போக வேண்டாம். எங்கப்பா துறைமுகத்துல 31 வருஷம் மூட்டை தூக்கினாரு, கடைசியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாரு. அவர் செத்தப்ப படம் தேடினோம். எல்லாம் ஸ்டுடியோ படம், இரவல் கோட்டு, பின்னாடி வரைஞ்ச அருவி. வேலைச் சட்டையோட அவர் நிக்கற படம் ஒண்ணு கூட இல்ல. வேலை முடிஞ்சு வந்து வாசப்படியில உக்காந்து பூட்ஸைத் தட்டுவாரு, உள்ள இருந்து வெள்ளையா மாவு கொட்டும், அது எனக்கு மட்டும் ஞாபகம் இருக்கு, என் பையனுக்குக் காட்ட எங்கிட்ட ஒண்ணுமில்ல.

எல்லாத்துக்கும் மேல, புதன்கிழமை உங்ககிட்ட இருந்து வந்த மெசேஜ். அதை அப்படியே எழுதறேன்: "அந்தத் தம்பிங்களைக் கொஞ்சம் நல்ல டிரெஸ் போட்டு, சிரிக்கச் சொல்லி, மறுபடி எடுத்துத் தர முடியுமா? ஹெரிட்டேஜ் பேக்கிரவுண்ட் இருந்தா நல்லது." இதை நான் நாலு தடவை படிச்சேன். மெசேஜ் போட்டவங்க கெட்ட எண்ணத்துல போடல, எனக்குத் தெரியும், என்னை எப்படியாவது உள்ள வச்சுக்கணும்னுதான் போட்டிருக்காங்க. ஆனா நான் கல்யாண போட்டோகிராபர் இல்லங்க. லாரியில தூங்கறவரை எழுப்பி, சட்டை மாத்தி, கலர் சுவத்து முன்னாடி நிறுத்தி சிரிக்க வைக்க என்னால முடியாது. கையெழுத்து வாங்கிட்டு எடுத்தாலும் அது பொய்ப்படம்தான். இதுக்குப் பேரு ரெபெல்னா இருந்துட்டுப் போகட்டும்.

எனக்கு வேணுங்கறது இதுதான். கண்காட்சி முடிய இன்னும் மூணு வாரம் இருக்கு, இறக்கின நாலு படத்தையும் அதே இடத்துல, அதே பேர் அட்டையோட திரும்ப மாட்டுங்க. மாட்ட மாட்டோம்னா, ஏன்னு எழுத்துல குடுங்க, குழு முடிவுன்னு மொட்டையா வேண்டாம், யார் ஆட்சேபிச்சாங்க, எந்தப் படத்துல எது பிடிக்கலன்னு விவரமா, நான் அதை அந்த ஆணி பக்கத்துல ஒட்டச் சொல்லிக் கேப்பேன். நாலும் திரும்ப வரலன்னா மிச்ச எட்டையும் நானே வந்து கழட்டிக்கறேன், ஃபிரேம் என்னோடது, அதுக்கு ஒரு நாள் குடுங்க. படிவம் வேணும்னா சின்னப் பிள்ளைங்க படத்துக்கு, ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்கு வைங்க, மத்ததுக்கு வாய்ஸ் மெசேஜோ வாட்ஸ்அப் பதிலோ போதும்னு விதியை மாத்துங்க, எல்லாருக்கும் ஒரே விதி, பூக்கடைக்கும் லாரிக்கும். ஒரு படத்தை இறக்கறதுக்கு முன்னாடி எடுத்தவங்களுக்கு ஒரு போன் போடுங்க, இது மரியாதை சம்பந்தப்பட்டது, விதியில எழுதணும்னு கூட அவசியம் இல்ல. அடுத்த வருஷத் தேர்வுக் குழுவுல ரெண்டு இடம் வேலைக்கு வந்த தம்பிங்களுக்குக் குடுங்க, அவங்கள்ல நல்லா படம் எடுக்கறவங்க இருக்காங்க, ஃபோன்லயே எடுக்கறாங்க, சில பேரு என்னை விட நல்லா எடுக்கறாங்க, கேட்டா நான் ஆள் காட்டறேன். அப்புறம் அந்தத் தம்பிகிட்ட உங்கள்ல ஒருத்தர் நேர்ல பேசணும். என் மூலமா சொல்லி அனுப்ப வேண்டாம்.

வர்ற ஞாயிறு அவருக்கு வேலை இருக்கு, வர முடியாது. அதுக்கடுத்த ஞாயிறு லீவு போட்டிருக்காரு. நாலரை மணிக்குக் கூட்டிட்டு வர்றேன், இந்தத் தடவை கூட ரெண்டு பேரும் வர்றாங்க, அந்தப் பொட்டலத்துல பங்கு போட்டவங்க. ஆணி ரெண்டும் அப்படியேதான் இருக்கு, போன வாரம் இழுத்துப் பாத்தேன், உறுதியா இருக்கு.